சட்னியில் கை வைக்காதே



முத்தியால்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "சார், கட்டுப்படியாகலை. இரண்டாவது தடவை சட்னி, சாம்பார் கேட்டா காசு வாங்கலாமா?" என்றான். ஆறு மாதம் முன்புதான் ஏசி போட்டு, பெரிய டிவியும் மாட்டினான். கரண்ட் பில் எவ்வளவு என்றேன். தலையைச் சொறிந்தான். (பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையிலும் இப்படித்தான் சொறிவான்.)

எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது தவளக்குப்பம் அரவிந்தில். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது, 2003இல் நம் ஊருக்கு வந்தது. ஏசி அறை வேண்டுமென்றால் காசு கட்டலாம். இலவசப் பிரிவில் பெரும்பாலும் பாய்தான். ஆனால் இரு பக்கமும் ஆபரேஷன் செய்வது அதே டாக்டர்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது லென்ஸ் வைப்பதையே நிறுத்திவிடவில்லை. 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்தார்கள். கட்டிலில் மிச்சம் பிடித்தார்கள், கண்ணில் பிடிக்கவில்லை.

டிபன் கடைக்குக் கண் எது? சட்னிதானே. காலை ஏழு மணிக்கு வருகிறவர் டிவி பார்க்கவா வருகிறார்?

"ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட வர்றவங்க ஏசி கேட்கறாங்க சார்" என்றான். அதுவும் நியாயம்தான். பின்கட்டைத் தடுத்து ஏசி வை, அங்கே தோசைக்குப் பத்து ரூபாய் கூட வாங்கு, முன்னால் ஃபேன் போதும் என்றேன். சட்னியை வீணாகாமல் கொஞ்சமாக ஊற்று. திரும்பக் கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்று.

ஒரு மாதம் பார்க்கிறேன் என்று போயிருக்கிறான். டிவிக்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கியாம்.