சாம்பலாகும் செல்வம்

கடம்பூர் என்றதும் இரயில் பயணிகளுக்குப் போளி நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்தில் வாழும் நமக்கோ வானம் பார்த்த கரிசல் நிலமும், அதில் விளையும் கம்பும் பருத்தியும் உளுந்துமே நினைவில் நிற்கும். நிலத்திற்கும் பசி உண்டு. தொழுவுரமே அதன் உணவு. அவ்வுணவையன்றோ நம்மில் பலர் இன்றும் வறட்டியாகத் தட்டி அடுப்பில் இடுகிறோம்! எரியும்போது தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது, எஞ்சுவது சாம்பல். அப்புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் நம் தாய்மார்கள்.

சமையல் எரிவாயு உருளை வந்துவிட்டதே எனலாம். உருளை அடுப்பைக் காக்கும். நிலத்திற்கு ஒரு கூடை எருவும் தராது. சாண எரிவாயுக் கலமோ இரண்டையும் தரும். சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் செரித்து மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அது புகையின்றி எரியும். தழைச்சத்து கழிவுக் குழம்பிலேயே தங்கி வயலைச் சேரும். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு பரப்பிய மிதக்கும் கொப்பரை அமைப்பும், 1984இல் வந்த செலவு குறைந்த ‘தீனபந்து’ அமைப்பும் இம்முறையில் இயங்குபவையே.

ஆயினும் ஆசையால் மட்டும் அடுப்பு எரியாது. ஒரு சிறு குடும்பத்திற்கு ஏற்ற 2 கன மீட்டர் கலத்திற்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அதாவது நாலைந்து மாடுகள். டிராக்டர் வந்தபின் எத்தனை தொழுவங்களில் அத்தனை மாடுகள் நிற்கின்றன? கோடையிலும் நாள்தோறும் நீர் வேண்டும். கரிசல் மண்ணோ மழையில் உப்பி, வெயிலில் வெடிப்பது. கலத்தைச் சுற்றி மணலும் சரளும் நிரப்பாவிடில் சுவரில் விரிசல் காணும். இவற்றை எண்ணாமல் மானியத்தை மட்டும் எண்ணிக் கட்டிய கலம் வெறுங்குழியாகவே கிடக்கும்.

ஒரு வீட்டில் மாடு போதாதெனில், அடுத்தடுத்துத் தொழுவம் வைத்திருக்கும் அண்ணன் தம்பியர் கூடி ஒரு கலம் அமைக்கலாகாதா? வரப்புச் சண்டையை மறந்தால் அதுவும் கைகூடும்.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். மனைவியை அடுப்புப் புகையிலிருந்து விடுவித்தபின், சாணம் கரைக்கும் வேலையையும் அவள் தலையிலேயே சுமத்தலாகாது. காலையில் அரைமணி நேரம் நாமே மண்வெட்டியும் வாளியும் எடுப்போம். அடுப்பும் எரியும், நிலமும் பசியாறும்.