பையனுக்கா, பொண்ணுக்கா? பொம்மைக் கடையின் முதல் கேள்வி

பிறந்தநாள் பரிசு வாங்கப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தால் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "பையனுக்கா மேடம், பொண்ணுக்கா?" என்பதுதான். வயசு என்ன என்பது இரண்டாவது. குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. "பொண்ணுக்கு" என்றால் ரோஸ் நிற அலமாரி: கிச்சன் செட், மேக்கப் செட், தலை சீவி விடுகிற பொம்மை. "பையனுக்கு" என்றால் ரிமோட் கார், துப்பாக்கி, ரோபோ. ஐந்து நிமிடத்தில் பில் போட்டுவிடலாம். வேலை சுலபம்.

இதில் என்ன தப்பு, காலங்காலமா பிள்ளைங்க இப்படித்தானே விளையாடுறாங்க என்று கேட்கலாம். அது பாதி உண்மை. பம்பரமும் கோலியும் பையன்களுக்கு, பல்லாங்குழியும் சொப்புச் சாமானும் பெண் பிள்ளைகளுக்கு என்று நம் தெருக்களும் பிரித்துத்தான் வைத்திருந்தன. கூட்டாஞ்சோறு ஆக்கும்போதுகூட அடுப்புப் பக்கம் அவள், 'கடைக்கு'ப் போய் வருவது அவன். ஆனால், அந்த மரச்சொப்பின் மேல் 'பெண்களுக்கு மட்டும்' என்று யாரும் அச்சடித்து ஒட்டவில்லை. அக்கா விட்டுப்போன சொப்பைத் தம்பி எடுத்து உருட்டினால் நிறம் அவனைத் தடுக்கவில்லை. இன்றைக்குக் கடையில் இருக்கும் பிரிவினை வேறு ரகம். நிறுவனங்கள் கணக்குப் போட்டுச் செய்தது அது. அதற்கு வயதும் அதிகமில்லை.

ரோஸ் எப்போது பெண் நிறமானது?

1918 ஜூன் மாதம், அமெரிக்காவில் குழந்தைகள் துணி வியாபாரிகளுக்காக வந்துகொண்டிருந்த 'எர்ன்ஷாஸ்' என்ற பத்திரிகை ஓர் ஆலோசனை சொன்னது. இளஞ்சிவப்பு அழுத்தமான நிறம், எனவே பையன்களுக்கு அது. நீலம் மென்மையானது, பெண் குழந்தைகளுக்கு அது. அப்படியே தலைகீழ்! எல்லாக் கடைகளும் இதைப் பின்பற்றவில்லை என்பது வேறு விஷயம். எந்த நிறம் யாருக்கு என்பது அப்போது முடிவாகவே இல்லை.

பொம்மைகளின் கதையும் இப்படித்தான். சமூகவியலாளர் எலிசபெத் ஸ்வீட், 'சியர்ஸ்' என்ற பெரிய அமெரிக்க விற்பனை நிறுவனத்தின் பழைய கேட்லாக்குகளை ஆராய்ந்தார். 1920களில் துடைப்பமும் குட்டி அடுப்பும் சிறுமிகளுக்கு, கட்டுமான செட்டுகள் சிறுவர்களுக்கு என்று விளம்பரங்கள் இருந்தன. பெண்ணுரிமை இயக்கம் சூடுபிடித்த 1970களில் இது மங்கியது. 1975ஆம் ஆண்டு கேட்லாக்கில் 'இது பையனுக்கு', 'இது பெண்ணுக்கு' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்ற பொம்மைகள் 2 சதவீதத்துக்கும் குறைவு.

பிறகு ஏன் திரும்பி வந்தது? 1984இல் குழந்தைகளுக்கான டிவி விளம்பரக் கட்டுப்பாடுகளை அமெரிக்கா தளர்த்தியது. பொம்மையை விற்பதற்காகவே கார்ட்டூன் தொடர்கள் வரிசைகட்டின. வாள் தூக்கும் 'ஹீ-மேன்' அவனுக்கு, 'மை லிட்டில் போனி' அவளுக்கு. இதில் லாபக் கணக்கும் உண்டு. அக்காவுக்கு வாங்கிய ரோஸ் சைக்கிளில் தம்பி ஏற மாட்டான். "ஐயே, இது பொண்ணுங்க சைக்கிள்" என்பான். அப்புறம் என்ன, இன்னொன்று வாங்கித்தான் ஆக வேண்டும். நம்மூர் மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில்கூட 'கிண்டர் ஜாய்' நீலத்தில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று என்று பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக விற்கப்பட்டது. சாப்பிடும் சாக்லேட்டில் ஆண் என்ன, பெண் என்ன?

சொல் செய்கிற வேலை

"குழந்தைகளுக்கு இயல்பாகவே அப்படித்தான் பிடிக்கும்" என்பது அடுத்த வாதம். இதற்கு ஆதாரமாக ஒரு குரங்கு ஆய்வை அடிக்கடி காட்டுவார்கள். 2002இல் வெளிவந்த அந்த ஆய்வில், வெர்வெட் வகை ஆண் குரங்குகள் பந்தையும் காரையும் அதிக நேரம் வைத்திருந்தன. பெண் குரங்குகள் பொம்மையையும் சமையல் பாத்திரத்தையும். குரங்குக்குச் சமையல் பாத்திரம் என்றால் என்னவென்று தெரியுமா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பிறவியிலேயே கொஞ்சம் சாய்வு இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாய்வு உண்மையானால், அதற்கு லேபிள் எதற்கு? ஒட்டாமலேயே விற்க வேண்டுமே.

லேபிள் ஒட்டினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். உளவியலாளர் கேரல் மார்ட்டினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அது. குழந்தைகள் அதுவரை பார்த்தே இராத பொம்மைகளைக் காட்டி, சிலவற்றைப் பையன்களுக்கானது என்றும் சிலவற்றைப் பெண்களுக்கானது என்றும் சொன்னார்கள். பார்த்ததும் ஆசை வருகிற பொம்மையாக இருந்தாலும், 'அது உனக்கில்லை' என்ற பக்கம் போனதும் ஈர்ப்பு குறைந்துவிட்டது. பொம்மை மாறவில்லை, சொன்ன ஒரு வார்த்தைதான் மாறியது.

விளையாட்டுதானே, போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. கட்டைகளை அடுக்கிப் பார்க்கிற குழந்தைக்கு வடிவமும் இடமும் கையில் பழகுகின்றன. பின்னாளில் வடிவக் கணக்கிலும் வரைபடத்திலும் அது உதவும். பொம்மைக்குச் சோறூட்டித் தூங்க வைக்கிற குழந்தைக்கு இன்னொருவரைக் கவனிக்கப் பழகுகிறது. பாதிக் குழந்தைகளுக்கு ஒன்று, மீதிப் பாதிக்கு மற்றது என்று பங்கு போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

லெகோ போன பாதை

இந்த ஊசலாட்டத்தை 'லெகோ' நிறுவனத்தின் கதையில் அப்படியே பார்க்கலாம். 1981இல் வந்த அதன் அமெரிக்க விளம்பரத்தில் சிவப்பு முடிச் சிறுமி ஒருத்தி, சாதாரண ஜீன்ஸ் உடையில், தான் கட்டியதைக் கையில் பிடித்துச் சிரிப்பாள். கட்டைகளில் எல்லா நிறமும் கலந்திருக்கும். 2012இல் அதே நிறுவனம் சிறுமிகளுக்கென்று 'லெகோ ஃபிரெண்ட்ஸ்' கொண்டுவந்தது. ஊதா, இளஞ்சிவப்பு, கஃபே, பியூட்டி ஷாப். கண்டனம் பலமாக எழுந்தது. விற்பனையும் பலமாக நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2014இல் பெண் விஞ்ஞானிகள் மூவர் கொண்ட செட்டை வெளியிட்டது. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது.

2021இல் லெகோவுக்காக, ஏழு நாடுகளில் ஏறக்குறைய 7,000 பெற்றோர், குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எதிர்ப்பாலினத்தின் பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்கள் என்று பயந்த சிறுமிகள் 42 சதவீதம். சிறுவர்கள் 71 சதவீதம். பெண் குழந்தை கார் ஓட்டினால் "தைரியசாலி" என்று மெச்சுகிற வீட்டில், பையன் கிச்சன் செட்டை எடுத்தால் மாமா ஒருவர் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்பு போதும், செட்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறவன் அவன்தான்.

சட்டம் என்ன செய்யும்?

கலிஃபோர்னியாவில் 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கடைகள், பால் பாகுபாடு இல்லாத பொம்மைப் பிரிவு ஒன்றை வைத்தாக வேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. முதல் மீறலுக்கு அபராதம் 250 டாலர் வரைதான். பெரிய கடைக்கு அது டீச்செலவு.

இந்தியாவில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூர்மையான விளிம்பு, நச்சுப் பெயின்ட் எல்லாம் அதில் அடங்கும். டப்பாவில் வயது போடுவதற்கும் காரணம் புரிகிறது. சின்னப் பாகம் குழந்தையின் தொண்டையில் சிக்கும். 'பையனுக்கு', 'பெண்ணுக்கு' என்று போடுவதற்கு அப்படி எந்தப் பாதுகாப்புக் காரணமும் கிடையாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு விளையாட்டோ பொருளோ ஒரு பாலினத்துக்குப் பொருந்தாது என்று குழந்தைகளுக்கான விளம்பரம் உணர்த்தக் கூடாது என்கிறது. சட்டம் அல்ல, ஆனால், பொதுமக்கள் யாரும் புகார் செய்யலாம்.

அடுத்த முறை கடையில் "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டால், "ஆறு வயசு, எதைக் கொடுத்தாலும் கழட்டிப் போட்டுப் பாக்குற பிள்ளை" என்று பதில் சொல்லிப் பார்க்கலாம். விற்பனையாளர் எந்த அலமாரிப் பக்கம் நடக்கிறார் என்று கவனிப்பதே வேடிக்கையாக இருக்கும்.