கோளாறு வரும் வேளை

மோட்டார் சைக்கிள் இன்று நம் குடும்பங்களில் ஆடம்பரப் பொருளாக இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடவும், பாலைச் சங்கத்தில் ஊற்றவும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அதுவே துணை. அத்தகைய வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டால்கூடக் கவலை சிறிதே. பட்டறைக்குத் தள்ளிச் சென்றால் குறை தெரிந்துவிடும். ஒரு நாள் ஒழுங்காக ஓடி, மறுநாள் திக்கித் திணறி, பட்டறை வாசலை மிதித்தவுடன் மீண்டும் ஒழுங்காக ஓடும் வண்டியே பெருந்தொல்லை. "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்று பட்டறையில் இதனைச் சொல்வர். எதிரே பேருந்து வரும்போது லாரியை முந்த முயலும் வேளையில் எஞ்சின் ஒரு கணம் அடங்கினால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே இம்மாதம் இக்கோளாறைக் கண்டறியும் வழியைச் சற்று ஆராய்வோம்.

எஞ்சினுக்கு வேண்டிய மூன்று

நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுழலும்போது, அதன் சிலிண்டருக்குள் 3,000 முறை, அதாவது விநாடிக்கு 50 முறை, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றியெரிய வேண்டும். இதற்கு மூன்று காரியங்கள் தேவை: சரியான அளவில் அமைந்த கலவை, போதிய அழுத்தம், உரிய கணத்தில் வலுவான தீப்பொறி. இம்மூன்றில் ஒன்று ஒருமுறை தவறினாலும் எஞ்சின் ஒரு துடிப்பை இழக்கிறது. பல முறை தவறினால் வண்டி திக்குகிறது.

காரணம் மூன்றில் ஒன்றே எனினும், அதற்கு இடமளிக்கும் பொருள்கள் பல. பிளக், பிளக் மூடி, காயில், சி.டி.ஐ. பெட்டி, வயர்கள், கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், வால்வு என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினால், வண்டியின் விலையில் ஒரு பங்கு கரைந்த பின்னும் குறை அகலாமல் நிற்கலாம். எனவே எந்தப் பொருள் கெட்டது என்று கேட்குமுன், எந்த வேளையில் கெடுகிறது என்று கேட்டறிதல் நன்று.

வேளை சொல்லும் செய்தி

மழையிலும் பனி பெய்யும் விடியலிலும் மட்டும் திக்குமாயின், பிளக்குக்குச் செல்லும் தடித்த வயரையும் அதன் மூடியையும் ஐயுறலாம். அவற்றில் நுண்ணிய வெடிப்பு இருந்தால், ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து எஞ்சின் உடம்பில் பாயும். இருளில் எஞ்சினை ஓடவிட்டு, கை படாமல் உற்று நோக்கினால், கசியும் இடத்தில் நீல ஒளி மின்னக் காணலாம்.

வண்டி நன்கு சூடேறிய பின்னரே திக்குமாயின், காயிலின் உட்சுருள் வெப்பத்தால் விரிந்து தொடர்பறுந்து போகிறதா என்றும், டேப்பெட் இடைவெளி மிகக் குறைந்து வால்வு முழுவதும் மூடாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆறியதும் இரண்டும் சரியாகிவிடும். ஆகையால் காயிலைச் சூடான நிலையிலேயே சோதிக்க வேண்டும்; டேப்பெட் இடைவெளியையோ ஆறிய எஞ்சினில்தான் அளக்க வேண்டும்.

பள்ளத்தில் குலுங்கும்போதோ, கைப்பிடியைத் திருப்பும்போதோ திக்குமாயின், கழுத்துப் பகுதியில் உராய்ந்து தேய்ந்த வயரையோ தளர்ந்த இணைப்பையோ தேடுக. நெடுநாள் நின்ற வண்டியாயின் பெட்ரோலில் நீர் சேர்ந்திருக்கலாம். இந்நாளில் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது.

கழற்றிய பிளக்கும் ஒரு சாட்சியே. அதன் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் நன்று. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எனினும் வெளியே பிளக்கில் பொறி தெறிக்கக் கண்டதும் அது பழுதற்றது என முடிவுகட்டலாகாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையினூடே பொறி பாய்வதற்கு, திறந்த வெளியில் பாய்வதைவிட மிகுதியான மின்னழுத்தம் வேண்டும். வெளியே எரியும் பிளக் உள்ளே தவறுவதுண்டு.

ஓர் உபதேசியாரின் வண்டி

நமக்குத் தெரிந்த உபதேசியார் ஒருவரிடம் கார்புரேட்டர் உள்ள பழைய 100 சி.சி. வண்டி உண்டு. கிளைக்கிராமங்களுக்கு அதிலேயே செல்வார். திடீரென அது வழியில் திக்கத் தொடங்கியது. பட்டறையில் பிளக்கை மாற்றினர்; வண்டி ஓடியது; நான்காம் நாள் மீண்டும் திக்கியது. கார்புரேட்டரை இருமுறை கழுவினர். பின்னர் சி.டி.ஐ. பெட்டியையும் மாற்றினர். குறை தீரவில்லை. இருள் சூழ்ந்த சாலையில் இருமுறை வண்டி நின்றபின், அவர் மனைவி தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போகவே கூடாது என்று தடுத்துவிட்டார். வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்ற எண்ணமும், பட்டறைக்காரர் தம்மை ஏமாற்றுகிறார் என்ற கசப்பும் உபதேசியாரின் உள்ளத்தில் குடிகொண்டன.

இந்நிலையில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். அவரோ கருவி எதனையும் எடுக்கவில்லை. "உபதேசியாரே, பத்து நாளைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் திக்கியது, வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், பின்னால் யார் அமர்ந்திருந்தார், எல்லாம் வேண்டும்" என்றார்.

குறிப்பு ஆச்சரியமான செய்தியைத் தந்தது. அருகிலுள்ள ஊர்களுக்குச் சென்றபோது ஒருமுறையும் குறை இல்லை. 18 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊருக்கு இடையில் நிற்காமல் சென்ற நாள்களில் மட்டும், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் கடந்ததும் திக்கியது. டேங்கு நிறைந்திருந்த நாளில் இன்னும் முன்னதாகவே வந்தது. வழியில் பெட்ரோல் போட நின்ற நாளில் வரவே இல்லை.

மெக்கானிக் பின்னிருக்கையில் அமர்ந்து உடன் சென்றார். வண்டி திக்கிய இடத்தில் சாவியை அணைத்து, எஞ்சினைச் சற்று ஆறவிட்டு, கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சிறு புட்டியில் பெட்ரோலைப் பிடித்தார். சிறிதளவே வடிந்து நின்றுவிட்டது. டேங்கின் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. புட்டியில் பெட்ரோல் தாராளமாக வடியலாயிற்று. காரணம் விளங்கிவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். அதற்காக மூடியிலுள்ள நுண்துளை மண்ணும் துருவும் சேர்ந்து பெரும்பாலும் அடைபட்டிருந்தது. உள்ளே வெற்றிடம் கூடக் கூடப் பெட்ரோல் இறங்க மறுத்தது. டேங்கு நிறைந்திருந்தால் காற்றிடம் சிறிதாகையால் வெற்றிடம் விரைவில் கூடும்.

பட்டறையில் ஏன் அகப்படவில்லை என்பதும் விளங்கிற்று. வண்டி வந்தவுடன் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பதே எந்த மெக்கானிக்கும் செய்யும் முதல் வேலை. அத்துடன் கோளாறு மறைந்துவிடும்.

கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி ஊதியதோடு வேலை முடிந்தது. புதிய பொருள் ஒன்றும் வாங்கவில்லை. என்ன கொடுப்பது என்று உபதேசியார் தயங்கினார். பின்னர் மெக்கானிக்கின் அரைநாளை எண்ணி, அரைநாள் கூலியை அவர் கையில் வைத்தார். இது நாம் கருத்தூன்ற வேண்டிய இடம். பொருளின் விலையைப் பேசாமல் கொடுக்கும் நாம், கூலி என்றவுடன் பேரம் பேசுகிறோம். அரைநாள் சிந்தித்ததற்கு ஒன்றும் கொடாமல், ஐந்து நிமிடத்தில் சி.டி.ஐ. மாற்றியவருக்கு மகிழ்ந்து கொடுக்கிறோம். அப்படியாயின் பட்டறைகள் பொருளை மாற்றியே பிழைக்கும். முதல் பட்டறைக்காரர் திருடர் அல்லர். நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதையே அவர் செய்தார். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்னும் திருவாக்கு, கையால் செய்த வேலைக்கு மட்டும் உரியதன்று.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ளது. குறை நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். அவ்விளக்கு எந்தத் திக்கில் தேடுவது என்று காட்டும். அங்கே பொருள் கெட்டதா, அதன் இணைப்புத் தளர்ந்ததா என்பதை மனிதரே ஆராய்ந்தறிய வேண்டும். ஆகவே குறிப்பெழுதும் பழக்கம் புதிய வண்டிக்கும் பயன்படும்.

முடிவாகச் சில சொற்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. கழற்றிய நல்ல பொருளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெட்ரோலை வடிக்கும்போது நெருப்பும் சூடான புகைக்குழாயும் அருகில் இருத்தலாகாது. பொறியைச் சோதிக்கும்போது பெட்ரோல் திறந்திருத்தலாகாது. கோளாறு தீரும் வரை முந்திச் செல்வதையும், பிள்ளைகளை ஏற்றிச் செல்வதையும் தவிருங்கள். பட்டறைக்குச் செல்லும்போது, "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பதோடு நில்லாமல், எப்போது, எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று எழுதிய தாளையும் கொண்டு செல்லுங்கள்.