படிச்சாச்சு! இதுல நம்ம ஆபீசு வருதா?

செமஸ்டர் லீவுக்கு நீங்க எல்லாம் குற்றாலம், கொடைக்கானல்னு கிளம்பியிருப்பீங்க. நான் சிவகாசியில சித்தி வீட்டுல, ஃபேனுக்கு அடியில, ஒரு கட்டுப் புத்தகத்தோட மல்லாக்கக் கிடந்தேன். 5 நாவல் முடிச்சாச்சு. விமர்சகர் வேஷம் எல்லாம் நமக்கு ஒத்து வராது. பிடிச்சதைப் பிடிச்சதுன்னும், இழுத்ததை இழுத்ததுன்னும் சொல்லிடுறேன். சண்டை போடணும்னா தாராளமா லெட்டர் போடுங்க!

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடணும். எங்க சித்தி பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போறாங்க. வெளியூர் நண்பர்களே, 'ஆபீஸ்'னதும் கம்ப்யூட்டரையும் ஏ.சி.யையும் கற்பனை பண்ணாதீங்க. எங்க பக்கம் பட்டாசு செய்ற இடம் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி செய்ற இடம் தீப்பெட்டி ஆபீஸ். சாயங்காலம் வந்ததும், கையில ஒட்டின அலுமினியப் பவுடரைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டே சித்தி தினமும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "ஏய்யா, இதுல நம்ம ஆபீசு வருதா?"

அந்தக் கேள்வியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் அஞ்சையும் படிச்சேன்.

வெக்கை - பூமணி

'அசுரன்' பார்த்தாச்சு, கதை தெரியும்னு விட்டுடாதீங்க. 2019-ல வந்த அந்தப் படத்துல இருக்கிற பெரிய ஃப்ளாஷ்பேக் 1982-ல வந்த இந்தப் புத்தகத்துல கிடையாது. 15 வயசு சிதம்பரம் ஒரு கொலையைப் பண்ணிட்டு, அப்பாவோட காட்டுலயும் மேட்டுலயும் ஒளிஞ்சு திரியுற 8 நாள்தான் கதை. பஞ்ச் டயலாக் இல்ல. உயிருக்கு ஓடுற நேரத்துலயும் எங்க சோறு பொங்கலாம், எங்க தண்ணி கிடைக்கும்னு அப்பனும் மகனும் பேசிக்கிட்டே இருக்காங்க. அந்தப் பேச்சுதான் எனக்குப் படத்தைவிடப் பிடிச்சது. சின்னப் புத்தகம், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். சித்திக்குச் சொன்ன பதில்: "வெயில் வருது சித்தி, ஆபீசு வரல."

அஞ்ஞாடி - அதே பூமணி

2012-ல வந்தது. 2014-ல சாகித்ய அகாடமி விருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல! தலைக்கு வெச்சுப் படுக்கலாம், நானும் படுத்தேன். விருது வாங்கின புத்தகம்னா பிடிச்சே ஆகணுமா என்ன? நடுவுல ரெண்டு தடவை மூடி வெச்சிட்டேன். தலைமுறை தலைமுறையா ஆட்கள் வந்துக்கிட்டே இருக்காங்க. யார் யாருக்கு என்ன உறவுன்னு பின்னாடி புரட்டிப் பார்த்தே கை வலிச்சது.

ஆனா, ஆண்டி, மாரின்னு வேற வேற சாதியில பிறந்த ரெண்டு பசங்களோட சிநேகிதம் இருக்கே... அது என்னை மறுபடியும் இழுத்துட்டு வந்தது. அப்புறம் 1895 கழுகுமலை, 1899 சிவகாசின்னு அந்தக் கலவரங்கள். கோயில் உரிமை பத்தின தகராறுல இந்த வட்டாரமே பத்தி எரிஞ்சிருக்கு. நான் சைக்கிள்ல சுத்துற தெருக்கள் அது! 'குட்டி ஜப்பான்'னு பெருமையா சொல்லிக் கொடுத்த என் ஸ்கூல்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. முழுசா முடியலைன்னாலும் அந்தப் பகுதியை நம்ம மாவட்டத்துப் பசங்க படிச்சே ஆகணும். சித்திக்கு: "ஊரு வருது சித்தி. ஆனா, தீப்பெட்டி ஆபீசு நம்ம ஊருக்கு வந்ததே 1920-கள்லதான், கலவரத்துக்கு ரொம்பப் பின்னாடி."

இரத்தப் படலம் - காமிக்ஸ்

காமிக்ஸ் நாவலான்னு முறைக்காதீங்க. பெல்ஜியத்துல பிறந்த தொடர். தமிழ்ல போட்டது நம்ம சிவகாசி லயன் காமிக்ஸ். 1972-ல முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவி வந்த காலத்துல இருந்தே உலகத்து ஹீரோக்கள் எல்லாம் எங்க ஊர் வழியாதான் தமிழ் பேசுறாங்க!

ஞாபகம் அழிஞ்சுபோன ஒருத்தன், உடம்புல 'XIII'-ன்னு பச்சை. இவன் யாருன்னு அவனே தேடுறான். ஆரம்பம் ராக்கெட். போகப் போக சதிக்குள்ள சதி, அதுக்குள்ள இன்னொரு சதி. நோட்டு போட்டு எழுதினாத்தான் புரியும். சித்தி ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "இவன் ஏன் ஓடிக்கிட்டே இருக்கான்?"னு கேட்டாங்க. "அது அவனுக்கே தெரியாது சித்தி!"

சங்கதி - பாமா

'கருக்கு' எழுதின பாமா, எங்க மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரங்க. 1994-ல வந்த இந்த நாவல் முழுக்கப் பேச்சுத் தமிழ். பாட்டி வாசல்ல உட்கார்ந்து ஊர்ப் பொம்பளைகள் கதையை ஒவ்வொண்ணா சொல்ற மாதிரி போகுது. ஒரே கோடா கதை வேணும்னு தேடினா கிடைக்காது. சில அத்தியாயக் கடைசியில கருத்து கொஞ்சம் நீளுது. ஆனா ஆட்கள் அச்சு அசல். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற மைக்கண்ணிங்கிற சின்னப் பொண்ணு இதுல வர்றா. "வருது சித்தி!"னு கத்தினேன். சித்தி பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க.

கூட்டுக் குஞ்சுகள் - ராஜம் கிருஷ்ணன்

களத்துக்கே போய்ப் பார்த்து எழுதுறவங்க ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத்துக்கு 'கரிப்பு மணிகள்', எங்க வட்டாரத்துத் தீப்பெட்டிக் குழந்தைகளுக்கு இந்த நாவல். அவங்க எழுத்தை எல்லாம் 2009-ல தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால தேடினா கிடைக்கும். என் கருத்து: விவரம் நூத்துக்கு நூறு. ஆனா, சொல்ல வந்த சேதி முன்னாடி நடக்குது, கதை அது பின்னாடி ஓடுது.

இதை மட்டும் சித்திக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன். சின்ன வயசுல அவங்களே தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கினவங்க. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எல்லாம் நெசந்தான்யா. விடியாமலே பஸ் வந்திடும். தூங்கிக்கிட்டே ஏறுவோம். ஆனா, அதுக்குள்ளயும் நாங்க பாட்டுப் பாடுவோம், சேட்டை பண்ணுவோம். அதையும் இன்னும் எழுதியிருக்கலாம்."

ஃப்ரெண்ட்ஸ், அஞ்சு புத்தகத்துக்கும் நான் சொன்னதைவிட இந்த ஒரு வரிதான் சரியான விமர்சனம்னு எனக்குப் பட்டுச்சு.

2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி வெடி விபத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க. 2021 பிப்ரவரியில அச்சங்குளம். ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல எத்தனை பேர், எவ்வளவு நிவாரணம், 'உராய்வு காரணமாக'. அவ்வளவுதான். காலையில டிபன் தூக்கோட வேன்ல ஏறும்போது அவங்க யாரைக் கிண்டல் பண்ணாங்க, எந்தச் சீட்டுப் பணத்துக்குக் கவலைப்பட்டாங்கன்னு அதுல இருக்காது. திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்களுக்கு டி.செல்வராஜ் 'தோல்' எழுதினார், 2012-ல சாகித்ய அகாடமி விருதும் வாங்கினார். சரவெடி பின்னுற கைக்கும் அப்படி ஒண்ணு வேணும்.

வெளியில இருந்து வந்து பார்க்கிறவங்க பரிதாபத்தை நல்லா எழுதுவாங்க. வேன்ல அடிச்ச ஜோக்கை எழுத, அந்த வீட்டுப் பிள்ளையால தான் முடியும். இதைப் படிக்கிற உங்கள்ல எத்தனை பேரோட செமஸ்டர் ஃபீஸ் அந்த ஆபீசுல இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். லீவு முடியறதுக்குள்ள அம்மாகிட்ட, சித்திகிட்ட கேட்டு ஒரு நோட்டுல நாலு பக்கம் எழுதி வைங்க.

நாவலா வந்தா முதல் காப்பி எங்க சித்திக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அவங்க சும்மா பாராட்ட மாட்டாங்க!