மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

திருமங்கலத்தில் ஒரு பி.காம். மாணவன் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்த வகுப்பிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் வயலில் கருவியை ஆட்டிக்கொண்டே நடக்கிறார். 'பீப்' என்கிறது. குனிகிறார். கையில் ரோமானியக் காசு! அன்று ராத்திரியே பையன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறான். பார்ட் டைம் வேலையில் சேர்த்த காசு, ஆச்சி கொடுத்த காசு, பைக்குக்கு வைத்திருந்த காசு எல்லாம் சேர்த்தால் ஒரு டிடெக்டர் வந்துவிடும். பாண்டியன் ஆண்ட பூமி, நாயக்கர் ஆண்ட பூமி. மதுரைப் பக்கம் இல்லாத புதையலா?

கருவி வருகிறது. குண்டாற்றங்கரை, கண்மாய்க்கரை என்று சுற்றுகிறான். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் நின்று பார்க்கிறார்.

"என்னப்பா தேடுற? மோதிரத்தத் தொலைச்சுட்டியா?"

"சும்மாதான் தாத்தா..."

"சும்மா தேடுனா சும்மாதான்யா கெடைக்கும்."

ஆறு மாதம் கழித்துக் கேள்வி மாறுகிறது. 'எதை வாங்கலாம்' போய் 'எதற்கு மாறலாம்' வந்துவிடுகிறது. இன்னும் பெரிய காயில், மல்டி ஃப்ரீக்வென்சி, இன்னும் ஆழம். தப்பு கருவியில்தான், தேடுகிறவன்மேல் இல்லையாம் :-)

'யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு' என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சுத்தப் பொய். வாங்குகிறவனின் பர்ஸை இது கெடுக்கும். அதைவிட மோசமாக, அவன் தோண்டுகிற ஊரின் வரலாற்றைக் கெடுக்கும். கருவி எவ்வளவு உசத்தியோ அவ்வளவு அதிகமாகக் கெடுக்கும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரி வரவு செலவு போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் கருவி

டிடெக்டர் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. அடியில் இருக்கிற வட்டமான காயிலில் மின்சாரம் ஓடி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சின்னச் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பிடித்துத்தான் 'பீப்'. அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது ஆழத்துக்கு வருவோம், அப்கிரேட் செய்யச் சொல்கிற கடைக்காரர் பேசுவதெல்லாம் ஆழம்தானே. காசு மாதிரி சின்னப் பொருளுக்கு, தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வருகிற சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். போகும்போது எட்டில் ஒரு பங்கு, திரும்பும்போது மறுபடியும் எட்டில் ஒரு பங்கு. சாதாரணக் கருவி ஒரு காசை 20, 25 செ.மீ. ஆழத்தில் பிடித்தால், பல மடங்கு விலையுள்ள கருவி அதைவிடக் கொஞ்சம்தான் கீழே போகும். விலை எகிறுகிற வேகத்தில் ஆழம் எகிறாது. இயற்பியல் தள்ளுபடி தராது.

அடுத்தது 'டிஸ்கிரிமினேஷன்', அதாவது வேண்டாத உலோகத்தை ஒதுக்குகிற வசதி. கண்மாய்க்கரையில் என்ன கிடக்கும்? பீர் பாட்டில் மூடி, மாத்திரை அட்டை, குட்கா பாக்கெட் தாள், மாட்டு லாடம், ஆணி. ஈயத்தாள் தொந்தரவு தாங்காமல் அதை ஒதுக்கிவிட்டால், சின்னத் தங்கத் தோடும் மோதிரமும் அதோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். கருவிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். ஒதுக்காவிட்டால் நாள் முழுக்க மாத்திரை அட்டை பொறுக்க வேண்டியதுதான். நகராட்சி சம்பளமாவது தருமா என்றால் அதுவும் இல்லை!

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. 'அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற தங்கத்தைக் காட்டும்' என்று ஆன்டெனா குச்சி வைத்த சமாச்சாரம் விற்கிறார்கள். இதே வகைக் குச்சியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்கே விற்றவர் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்கிற பிரிட்டிஷ்காரர். கருவியின் பெயர் ஏ.டி.இ. 651. கோல்ஃப் பந்து தேடுகிற விளையாட்டுச் சாமான்தான் அதன் மூலம். உள்ளே வேலை செய்கிற எதுவுமே கிடையாது. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் உயிரோடு விளையாடியதற்காக 2013இல் அவருக்கு 10 வருடம் சிறை. இரிடியம், அரிசி இழுக்கும் செம்புப் பாத்திரம் என்று ஏமாந்தவர்கள் நிறைந்த தமிழ்நாட்டில் இந்தக் குச்சிக்கும் ஆள் கிடைக்காமலா போகும்?

அப்புறம் வரவு

புதையல் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். 1898இல் புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் ஒரு செம்புக்குள் 505 தங்கக் காசுகள், எடை 1.716 கிலோ. கோயிலில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த ஆட்கள் கையில் தற்செயலாக வந்தது. டிடெக்டரோடு யாரும் அங்கே சுற்றவில்லை. தேடிப் போனதற்கும் உதாரணம் இருக்கிறது. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசம் தவுண்டியா கேடாவில் ஒரு சாமியார் 1000 டன் தங்கம் இருப்பதாகக் கனவு கண்டார். இந்தியத் தொல்லியல் துறையே போய்த் தோண்டியது. தங்கம் வரவில்லை, டி.வி.காரர்கள்தான் வந்தார்கள்.

சரி, ஒரு பேச்சுக்கு நம் பையனுக்குக் கிடைத்தே விட்டது. அடுத்து என்ன?

1878ஆம் வருட இந்தியப் புதையல் சட்டம் காத்திருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால், எங்கே, என்றைக்கு, என்ன கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஜாமீன் தர வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவன் பங்கும் போச்சு. 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருளை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்வதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிற இடத்தில் தோண்டினால் 1958ஆம் வருடச் சட்டம் தனியாக வரும். அந்தச் சட்டப்படி மாநில அரசுகூட மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அகழாய்வு நடத்த முடியாது. கண்மாயோ புறம்போக்கு. அரசாங்கத்துக்கே அனுமதி தேவைப்படுகிற வேலையை, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன மண்வெட்டியோடு செய்கிறவனை என்னவென்று சொல்வது?

செலவுப் பக்கத்தில் யாரும் எழுதாத ஒன்று

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது, பிறகு தமிழக அரசு தொடர்ந்தது. அதைப் பெரிய செய்தியாக்கியவை எவை? செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டுதான் காலத்தை கி.மு. 580 வரை கொண்டுபோனது. இந்தப் பட்டியலில் எதற்காவது டிடெக்டர் 'பீப்' அடிக்குமா? உலகத்திலேயே விலை கூடிய கருவியைக் கொண்டுவந்து ஆட்டினாலும் ஓடும் செங்கலும் கரியும் அதற்குக் காதில் விழாது.

இன்னொன்று. டிடெக்டர்காரர்கள் முதல் வேலையாக இரும்பை ஒதுக்கி வைப்பார்கள். ஆணித் தொல்லையாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரை போவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்த அந்த இரும்பு, நம் பையன் செட்டிங்கில் 'குப்பை'! அந்தக் காலக்கணக்கும் துருப்பிடித்த இரும்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தது கிடையாது. அதே மண்ணடுக்கில் கூடவே இருந்த கரியையும் பானையையும் சோதித்துக் கிடைத்தது. பக்கத்துப் பொருள்தான் சாட்சி. 'பீப்' கேட்ட இடத்தில் குழி போட்டு உலோகத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டால் சாட்சியைக் கலைத்தாயிற்று. அப்புறம் அது வெறும் துருப்பிடித்த கம்பிதான்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கிற தே. கல்லுப்பட்டியில் 1970களிலேயே தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் முதுமக்கள் தாழி கிடைப்பது புதுச் செய்தியே இல்லை. அதாவது இங்கே போடுகிற ஒவ்வொரு குழியும் ஏதோ ஒரு பக்கத்தைக் கிழிக்கிறது. படிக்காத புத்தகத்தின் பக்கம். இரண்டாவது பிரதி கிடையாது. ஆழமாகப் பிடிக்கிற கருவிக்கு மாறினால், உழவுக்கே எட்டாமல் இத்தனை நாள் கலையாமல் கிடந்த மண்ணும் போகும். அப்கிரேட் என்பதன் முழு அர்த்தம் அதுதான்.

'இங்கிலாந்தில் மட்டும் செய்யலாமா?'

இந்தக் கேள்வி வரும். வரட்டும். 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்கிற ஊரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர் எரிக் லாஸ். கிடைத்ததோ கிட்டத்தட்ட 15,000 ரோமானியக் காசுகள், கூடவே நகைகள், வெள்ளிச் சாமான்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டார். தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். அதனால்தான் அந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்பதுவரை தெரிந்தது. பரிசு 17.5 லட்சம் பவுண்டு. அதை அவர் சுத்தியலைத் தொலைத்த அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது :-)

அங்கே நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1996ஆம் வருடப் புதையல் சட்டம் 14 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. சின்னப் பொருளாக இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டிப் பதிவு செய்ய 1997இலிருந்து ஊர் ஊராக அதிகாரிகள் இருக்கிறார்கள். வீடியோ பார்த்து நம் பையன் கற்றுக்கொண்டது கருவியை மட்டும்தான். நிறுத்தத் தெரிந்ததுதான் லாஸின் திறமை, அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

இதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு, தப்பிக்க விடக்கூடாது. 1878 சட்டத்தின் மூல வாசகப்படி, கிடைத்ததை அரசு எடுத்துக்கொண்டால் தர வேண்டியது அந்தப் பொருளின் உலோக மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும். தங்கம் என்றால் சரி. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசு என்றால்? 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அதை அடையாளம் கண்டு சொன்னபோது, சங்க காலப் பாண்டியன் தன் பெயரிலேயே காசு வெளியிட்டான் என்பதற்குச் சான்று கிடைத்தது. அதன் செப்புக்கு என்ன விலை வரும்? ஒரு டீ குடிக்கலாமா? இப்படி ஒரு சட்டம் இருந்தால், கண்டெடுத்தவன் கலெக்டர் ஆபீஸ் போவானா, பழைய பாத்திரக் கடைக்குப் போவானா?

டிடெக்டருக்கு உலோகம் மட்டும்தான் கேட்கிறது. சட்டத்துக்கும் உலோகம் மட்டும்தான் எடையில் நிற்கிறது. இரண்டும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. மாற வேண்டியது இந்தப் பார்வைதான். காசின் எடைக்கு மட்டும் என்றில்லாமல் அது சொல்கிற சேதிக்கும் சேர்த்துப் பரிசு தரட்டும். தாலுகாவுக்கு ஒரு இடத்தில், போலீஸ் பயம் இல்லாமல் கொண்டுபோய்க் காட்ட ஒரு ஆளை உட்கார வைக்கட்டும்.

அதுவரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? கீழடி வெளியே வந்த கதையே பதில். 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது பழைய பொருட்கள் வந்தன. பள்ளிப் பிள்ளைகள் வந்து சொல்ல, ஆசிரியர் வி. பாலசுப்பிரமணியம் அதைச் சேகரித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். கேட்பதற்குத்தான் பல வருடம் ஆயிற்று. இன்றைக்கு அங்கே 2023இல் திறந்த ஒரு மியூசியமே நிற்கிறது. தொடக்கம் ஒரு கிணறும், கண்ணைத் திறந்து வைத்திருந்த சில பிள்ளைகளும், விடாமல் தெரிவித்த ஒரு வாத்தியாரும். பேட்டரி எதிலும் இல்லை.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கண்மாய்ப் பக்கம் போங்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு தானாக மேலே வந்து கிடக்கும். எடுக்காதீர்கள், தோண்டாதீர்கள். இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். தமிழ் பிராமி எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள், அதற்குச் சில வாரங்கள் போதும். செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

அந்தக் கண்மாய்க்கரைப் பெரியவர் சொன்னது பாதிதான் சரி. சும்மா தேடினால் சும்மாதான் கிடைக்கும். ஆனால் தெரியாமல் தோண்டினால், இருந்ததும் போகும்.