தோலில் இல்லாத தீட்டு

தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் பல்லாவரத்தை அடுத்து வருகிறது குரோம்பேட்டை. ஏறுவோர் பலர், இறங்குவோர் பலர். பெயரை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? அப்பெயரைக் கோயில் தரவில்லை, கோமகன் தரவில்லை. 1912-இல் அமைந்த குரோம் லெதர் தொழிற்சாலை தந்தது! தோல் பதனிட்டோரின் உழைப்பு தந்தது!

பச்சைத் தோல் அழுகும். ஏன்? நீர் மூலக்கூறு ஒருபுறம் நேர்மின் சாயலும் மறுபுறம் எதிர்மின் சாயலும் கொண்டது. ஆதலின் புரத இழைகளோடு எளிதில் ஒட்டி உள்ளே தங்குகிறது. அந்த ஈரத்தில் நுண்ணுயிர் பெருகி இழைகளை அரிக்கிறது. குரோமிய உப்போ, அண்டை இழைகளின் கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிப் பாலம் அமைக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் சுருங்கும் தோல், அதன்பின் கொதிநீரையும் தாங்குகிறது! மந்திரமன்று, தோழர்களே, மூலக்கூறுகளின் பிணைப்பு!

இந்த வித்தை கற்ற உழைப்பாளியைச் சேரியில் நிறுத்தினர். அவன் பதனிட்ட தோலையோ காலில் செருப்பாக, இடையில் வாராக, கையில் பையாக ஏற்றனர்! பொருள் வீட்டுக்குள், படைத்தவன் வெளியே! இது எந்த ஊர் நீதி? குரோமியம் குலம் கேட்டா பிணைகிறது? நீர் மூலக்கூறு அக்கிரகாரத்தில் ஒரு முகமும் சேரியில் ஒரு முகமுமா காட்டுகிறது?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. ஏட்டில் ஒழிந்தது, எண்ணத்தில்?

தோலை ஆராய்ந்தால் புரதம் உண்டு, கொழுப்பு உண்டு, நீர் உண்டு. தீட்டு மட்டும் இல்லை. அது பதனிடப்படாத நெஞ்சங்களில் அழுகிக் கிடக்கிறது!