நூலின் மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தாமல், பரந்த ஏரியாலும் வராகீஸ்வரர் கோயிலாலும் அறியப்பட்ட ஊர்; பழைய தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருந்தது. இத்தகைய புராதனமான ஊர்களில் ஸ்தல புராணத்தையும் திருப்பணி வரலாற்றையும் கல்வெட்டுகளின் வாசகத்தையும் சிறு நூலாக வெளியிட வேண்டுமென்ற ஆவல் அன்பர்களிடையே என்றும் குறைந்ததில்லை. நூல் அச்சாகிறது, கும்பாபிஷேகத்தன்று விநியோகமாகிறது, பன்னிரண்டு ஆண்டுகள் சென்று அடுத்த கும்பாபிஷேகத்துக்கு மறுபதிப்புச் செய்ய முற்படும்போதுதான், அச்சான பிரதி ஒன்றைத் தவிர அந்நூலைச் சார்ந்த வேறெதுவும் யாரிடமும் இல்லை என்பது தெரியவருகிறது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. நம் சிறு அச்சகங்கள் பல பேஜ்மேக்கரில் பழகியவை; அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்ததோடு அதன் ஆயுள் முடிந்தது. அதில் தட்டச்சிட்ட தமிழோ, பாமினி போன்ற ஏதேனும் ஓர் எழுத்துருவின் தனிக்குறியீட்டில் அமைந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வராகீஸ்வரர் ரோமன் எழுத்துக் குப்பையாகத்தான் தரிசனம் தருவார். எழுத்துக்களின் பொதுக்குறியீடான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், தமிழக அரசு 2010-இல் அதை அங்கீகரித்த பின்னும், அச்சக மேஜையில் பழைய வழக்கமே ஆட்சி செலுத்துகிறது. எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் ஒரு நூலை என்றைக்கும் மீண்டும் அச்சிடத்தக்க வகையில் அமைப்பதற்கு ஒரு மார்க்கம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளே அது; விலையின்றியே கிடைக்கிறது. அதை நாம் உபயோகிக்காமல் இருப்பது நம் அசிரத்தையன்றி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அச்சுக்கோப்பும், லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் இயங்குதளமும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் யூனிக்ஸைத் தொடங்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு நல்ல கணினி வேண்டி விண்ணப்பித்தபோது, இயங்குதளம் எழுதப்போகிறோம் என்று சொன்னால் நிர்வாகம் இசையாது என்றறிந்து, ஆவணங்களைத் தயாரித்து ஒழுங்குபடுத்தும் சாதனம் செய்து தருவதாக வாக்களித்தே பி.டி.பி.-11 இயந்திரத்தைப் பெற்றார்கள். அவ்வாய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டவர்களே வெளியிலிருந்து யூனிக்ஸுக்கு வந்த முதல் உபயோகிப்பாளர்கள். சில ஆண்டுகளுக்குப்பின் ஸ்டான்ஃபோர்டில் கணினியறிஞர் டொனால்டு க்னூத், நிரலெழுதும் கலைபற்றிய தம் பெருநூலின் இரண்டாம் பாகத்துக்குப் புதிய ஒளியச்சு முறையில் வந்த மெய்ப்பைக் கண்டு மனம் கசந்து, 1977-இல் டெக்கைத் தாமே எழுதத் துணிந்தார். விரைவில் முடிந்துவிடும் என்று கருதிய அக்காரியம் பத்தாண்டுக்கு மேல் அவரை விடவில்லை. முடித்தபின் அவர் செய்தது அதைவிட விசேஷமானது: இனி இதில் புதிய வசதி எதுவும் சேராது, பிழை திருத்தம் மட்டுமே உண்டு, திருத்தந்தோறும் பதிப்பெண் பை என்னும் கணித எண்ணை நோக்கி ஒரு ஸ்தானம் நெருங்கும் என்று விதித்துவிட்டார். புதுமையே விற்பனைச் சரக்காகிவிட்ட இக்காலத்தில் இப்படி ஒருவர் கதவைச் சாத்தியது விவேகமே. எண்பதுகளில் டெக்கில் எழுதிய கோப்பை இன்றும் அதே பக்கங்களாக அச்சிட முடிவது அதன் பலனே.

டெக்கில் நூல் என்பது சாதாரணமான எழுத்துக்கோப்பு. இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது செய்யுள் என்ற கட்டளைகள் அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து மென்பொருள் பக்கங்களை அமைக்கும். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகள் கைவசம் உள்ளவரை அதே கொடியையும் அதே அன்னத்தையும் வேறு தறியில் வேறு நிறப் பட்டிலும் நெய்துகொள்ளலாம், சேலை மட்டும் மிஞ்சினால் அட்டையைப் புதிதாக அடித்தாக வேண்டும்.

தமிழுக்கு இது ஒத்துவருமா என்ற சந்தேகம் ஒருகாலத்தில் நியாயமாக இருந்தது. ஆதி டெக் ரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு பிறந்தது. அதில் தமிழைக் கொண்டுவரத் தனி எழுத்துருவும் இடைநிலை மாற்றமும் தேவைப்பட்டன. ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட ஸீடெக் என்னும் டெக் வகை, யூனிகோடையும் கணினியிலுள்ள சாதாரண எழுத்துருக்களையும் நேராக ஏற்றுக்கொண்டதோடு அக்கஷ்டம் நீங்கிற்று. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒற்றை வரிக் கட்டளையால் இதை நிறுவலாம். டெக்கையும் அதன் துணைகளையும் சேர்த்த டெக் லைவ் தொகுப்பு முழுவதையும் இறக்கப் பல ஜிகாபைட் ஆகுமாதலால், கிராமத்து இணைப்பில் அதற்கு முயல்வது வீண். அடிப்படைத் தொகுதி, ஸீடெக், இந்திய மொழிகளும் அடங்கிய மொழித்தொகுதி, ஒரு தமிழ் எழுத்துரு ஆகியவையே போதும். பிறகு எழுத்துருவை அறிவிக்கும் வரியில் லிபி தமிழ் என்று குறிப்பிட வேண்டும். அதை விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பயில்வோர் பலர், டெக்குக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டிக் கைவிடும் இடம் அநேகமாக இதுவே.

இம்மென்பொருளின் அருமை நமக்குப் புலப்படுவது வரிமுறிப்பில். தமிழ்ச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும் சுபாவமுடையவை; குறுகிய பத்தியில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்றொரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால் மேல்வரியில் பல் விழுந்த வாய்போல் இடைவெளி தோன்றும். ஈயெழுத்துக் காலத்துக் கம்பாசிட்டர், சிறுகோடு இடாமலே சொல்லை முறித்தார். ஆனால் புள்ளி வைத்த எழுத்தை வரியின் தொடக்கத்தில் நிறுத்தமாட்டார். அந்த சாஸ்திரத்தைப் பிற்காலத்துக் கணினி அச்சுக்கோப்பு பெரும்பாலும் மறந்துவிட்டது. டெக்கோ, க்னூத்தும் அவர் மாணவர் மைக்கேல் பிளாஸும் 1981-இல் விவரித்த முறைப்படி, ஒவ்வொரு வரியாகத் தீர்மானிக்காமல் பத்தி முழுவதையும் ஒருசேர நோக்கி, மொத்தத்தில் இடைவெளி சீராக அமையும் முறிவுகளைத் தேர்கிறது. தமிழ்ச் சொல்லை எங்கே முறிக்கலாம் என்ற விதித்தொகுப்பும் அதனுடன் கிடைக்கிறது.

கல்யாணப் பத்திரிகைக்கும் சுவரொட்டிக்கும் டெக் ஏற்றதன்று. படத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தும் வேலை அது, அங்கே பழைய கருவிகளே இருக்கட்டும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் டெக் சொரியும் ஆங்கிலப் பிழைச்செய்தியைக் கண்டு தமிழாசிரியர் ஒருவர் திகைத்துப்போவதையும் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே குறைவாக இருப்பது மென்பொருளன்று, தமிழில் எழுதிய வழிகாட்டியே. 2011-இல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. சாதனத்தை ஈந்த அளவுக்குப் பயிற்சியை ஈந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. காஞ்சிபுரத்தின் பெயரிலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. தன்னார்வலர் இவ்வளவு செய்திருக்க, தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அரசு ஸ்தாபனங்கள் நிறுவும் முறை, மாதிரி நூல், பிழைச்செய்திகளின் விளக்கம் மூன்றையும் தமிழில் ஒரே தொகுதியாக வெளியிடுவது பெரிய பிரயத்தனமாகாது.

அதுவரை, ஊர்தோறும் நூல் வெளியிடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அச்சகத்துக்குப் பணம் கொடுக்கும்போது, அச்சிட்ட பிரதிகளோடு நூலின் முழு வாசகத்தையும் யூனிகோடு எழுத்துக்கோப்பாகத் தரவேண்டும் என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும், இன்னொன்றைக் கிளை நூலகத்திலும் வைத்துவிடுங்கள்.